தேன்சிட்டும் பத்தியச் சாப்பாடும்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் குட்டிப்பயலும் எப்படி இருக்கிறீர்கள்? பத்தியம் என்று சொல்லி நீ ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுவதாக அம்மா போனில் ஒரே புலம்பல்.

இங்கே வேலை பரவாயில்லை. ஓவர்டைம் இருந்தால் அறைக்கு வர இரவு பத்தாகிவிடும்.

எங்கள் புளோக் நடைபாதையில் ஒரு காகிதப்பூச் செடி இருக்கிறது. அதில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டி அடைகாக்கிறது. அடைகாப்பதெல்லாம் பெண்தான். ஆண் கழுத்துப் பளபளப்பைக் காட்டிக்கொண்டு சுற்றும், குஞ்சு பொரித்த பிறகுதான் இரை ஊட்ட வரும். (அத்தானைச் சொல்லவில்லை!)

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பறவைப் பைத்தியம். அமெரிக்கக் கண்டங்களில் பூத்தேன் குடித்து வாழும் ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிப் பறவை பற்றி அவர் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். சில வகை மூன்று, நான்கு கிராம்தான் இருக்குமாம். பகலில் உடம்புச் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர் இரவில் அதை வெகுவாகக் குறைத்து, இதயத்துடிப்பையும் அடக்கி, மரக்கட்டை மாதிரி கிடக்கும். இதை மந்தநிலை என்கிறார். பெரு நாட்டு மலைகளில் ஒன்று 3.3 டிகிரி வரை இறங்கியதை அளந்திருக்கிறார்கள். விடியும் நேரம் உடம்பை நடுக்கியே சூடேற்றிக்கொள்ளும். ராத்திரிச் செலவு மிச்சம்.

ஆனால் முட்டை இட்டுவிட்டால் கதை வேறு. தாய் குளிர்ந்தால் முட்டையும் குளிரும், கரு வளர்வது தாமதமாகும். அதனால் அடைகாக்கும் பெண் பெரும்பாலும் மந்தநிலைக்கே போவதில்லை. அமெரிக்காவின் ராக்கி மலைக் கூடுகளில் அளந்து 1973இல் எழுதியிருக்கிறார்கள்: மழை வந்து இரை தேட முடியாமல் போன நாளில்தான் தாய்ப்பறவை உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொண்டது. முட்டை தாமதமாகப் பொரித்தால் பொரிக்கட்டும், தாயே போய்விட்டால் ஒன்றும் மிஞ்சாதே! பூர்வில் என்று ஒரு பக்கி இனம், இரவில் பறந்து பூச்சி பிடிக்கும் பறவை. அதில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். அது முட்டைமேல் இருந்தபடியே மந்தநிலைக்குப் போவதும் உண்டாம். பூச்சி பறக்காத குளிர் இரவில் அதற்கும் வேறு வழி?

இங்கே நடு இரவிலும் 24, 25 டிகிரி. நம் தேன்சிட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

அக்கா, அந்தப் பறவையே இரை கிடைக்காத நாளில்தான் சிக்கனம் பிடிக்கிறது. வீட்டில் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் இருக்கும்போது உனக்கு என்ன? ஒழுங்காகச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை பணம் போட்டேன். திருச்சிக்கு வரும் நண்பனிடம் பாதாமும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிடுகிறேன், அத்தான் கண்ணில் படாமல் எடுத்துவை. பயலுக்குப் பெயர் முடிவானதும் எழுது.

அன்புடன்,
தம்பி