டீச்சர் தகுதியை முடிவு பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். யார் டீச்சர் ஆகலாம்னு ரூல்ஸ் போடுறதும் நீங்கதான், தேர்வு வைக்கிறதும் நீங்கதான், அதனால நேரா உங்களுக்கே எழுதுறேன். டிகிரி, ட்ரெயினிங் சர்டிபிகேட், தகுதித் தேர்வு, இதுல எதையும் குறைங்கன்னு நான் கேக்கல, பாடம் தெரியாதவர் பாடம் நடத்த முடியாது. ஆனா இது மூணும் கையில இருக்கிற ஒருத்தர் பிள்ளைங்க முன்னாடி நின்னா என்ன செய்வார்னு எங்கயாவது ஒழுங்கா பாக்குறீங்களா?

ஒரு சின்ன கணக்கு சொல்றேன். 52-ல இருந்து 17-ஐ கழிக்கணும். ஒரு பிள்ளை 34-னு எழுதியிருக்கு, இன்னொண்ணு 45-னு எழுதியிருக்கு. ரெண்டுக்கும் சிவப்பு பேனாவுல ஒரே இன்ட்டு. ஆனா 34 எழுதின பிள்ளைக்கு முறை தெரியும், எண்ணும்போது ஒண்ணு தவறிடுச்சு, அவ்வளவுதான். 45 எழுதினது 2-ல 7 போகாதுன்னு 7-ல இருந்து 2-ஐ கழிச்சு வச்சிருக்கு, அதாவது கடன் வாங்குறதுன்னா ஒரு பத்தை உடைச்சு ஒண்ணுகளா மாத்துறதுன்னு அதுக்கு இன்னும் பிடிபடல. "கவனமா போடு"ன்னு சொன்னா முதல் பிள்ளை திருத்திக்கும், ரெண்டாவது பிள்ளை ரொம்ப கவனமா மறுபடியும் 45-னுதான் எழுதும். அதுக்கு பத்து குச்சியை ஒரு கட்டா கட்டி கையில குடுத்து, பிரிச்சு எண்ண வைக்கணும். 0.4-ஐ விட 0.35 பெரிசுன்னு சொல்ற பிள்ளையும் இப்படித்தான், 4-ஐ விட 35 பெரிசுங்கிற நல்ல நியாயம் அதுகிட்ட இருக்கு, அந்த நியாயத்தை கேட்டுத் தெரிஞ்சுக்கிற டீச்சர்தான் வேணும்.

உங்க தேர்வுல இந்த கணக்கு வந்தா எல்லாரும் 35-ஐ டிக் பண்ணிட்டு போயிடுவாங்க. பாட அறிவு ஒண்ணு, கிளாஸை நடத்துற திறமை ஒண்ணு, இந்தப் பாடத்துல பிள்ளை எங்க தடுமாறும், அதை எப்படி புரிய வைக்கிறதுங்கிற அறிவு தனியா இன்னொண்ணுன்னு அமெரிக்க கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-லயே சொல்லிட்டார். அந்த மூணாவதை ஓஎம்ஆர் ஷீட்ல அளக்கிறது ரொம்ப கஷ்டம்.

அதனால ரெண்டு விஷயம் கேக்குறேன். தேர்வுல பாஸ் ஆனவர்கிட்ட நாலஞ்சு பிள்ளைங்களோட நோட்டை குடுங்க, யாருக்கு என்ன புரியல, நாளைக்கு கிளாஸ்ல என்ன செய்வீங்கன்னு கேளுங்க, அப்புறம் நிஜ கிளாஸ்ல ஒரு பாடம் எடுக்கச் சொல்லி அனுபவமுள்ள ரெண்டு டீச்சர்ஸ் உக்காந்து பாக்கட்டும். ரெண்டாவது, முதல் வருஷம் புது டீச்சரை தனியா விடாதீங்க, கூட ஒரு சீனியரை போடுங்க, அவருக்கு அதுக்குன்னு பீரியட் குறைச்சு குடுங்க, இல்லைன்னா அது பேப்பர்லதான் இருக்கும். (இன்சர்வீஸ் ட்ரெயினிங்னு கூப்பிட்டு கையெழுத்து வாங்கி அனுப்புறதை இதோட சேக்காதீங்க.)

1966 அக்டோபர் 5-ல யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டு வந்த பரிந்துரையே, தனித்திறமையும் தொடர்ந்த படிப்பும் வேண்டிய தொழில்னுதான் டீச்சர் வேலையைச் சொல்லுது. நான் கேக்குறதுக்கு நேரம் ஆகும், செலவும் ஆகும், தெரியும். ஆனா இன்னைக்கு நீங்க அப்பாயின்ட் பண்றவர் முப்பது வருஷம் கிளாஸ்ல நிக்கப் போறார். அடுத்த அறிவிப்பு வர்றதுக்குள்ள இதை யோசிச்சு முடிவெடுங்க.

இப்படிக்கு,
பிள்ளைங்க படிப்புல அக்கறை உள்ள ஒருத்தர்