243-க்கு வந்த மீதி

ஆசிரியருக்கு வணக்கம்.

தேசிய கணித தினத்தை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட ராமானுஜன் பக்கத்தைப் படித்தேன். இந்த ஆண்டும் 1729 என்ற டாக்சி எண்ணில் ராமானுஜன் சிறப்பு கண்ட கதைதான். நல்ல கதை, முப்பது வருஷம் வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் நம் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிய அந்த மனிதரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச இன்னொரு எண் இருக்கிறது: 13,39,78,25,93,44,888.

4-ஐ ஐந்து விதமாகக் கூட்டி எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. இதேபோல 243-ஐ எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்கான விடைதான் மேலே உள்ள பதினைந்து இலக்க எண்.

மேக்மகான் என்ற கணித அறிஞர் 200 வரை இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பட்டியல் தந்திருந்தார். 4-இலோ 9-இலோ முடிகிற எண்களுக்கெல்லாம் விடை 5-ஆல் மீதியின்றி வகுபடுவதை அதில் ராமானுஜன் கண்டார். 7, 11 இரண்டுக்கும் இதுபோன்ற ஒழுங்கு உண்டு. இவற்றின் அடுக்குகளுக்கும் (அதே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கி வரும் 25, 49, 343 போன்றவை) இது பொருந்தும் என்று 1919-இல் யூகித்தார். அதன்படி 243-க்கான விடை 7-ஆல் மூன்று முறை அடுத்தடுத்து வகுபட வேண்டும். பட்டியலோ 200-உடன் நின்றுவிட்டது. மறு வருஷமே சேத்துப்பட்டில் 32 வயதில் அவரும் போய்விட்டார்.

ஹன்ஸ்ராஜ் குப்தா என்ற இந்தியக் கணித அறிஞர் பிறகு அந்தப் பட்டியலை 300 வரை நீட்டினார். அதிலிருந்த 243-க்கான எண்ணை 1934-இல் சௌலா என்ற இன்னொரு கணித அறிஞர் சோதித்தார்.

போன ஞாயிறு எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம் அதே எண்ணைக் கொடுத்தேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுத்தாள். முதல் ஈவு 19139751334984. இரண்டாவது 2734250190712. இரண்டு தடவையும் மீதி இல்லை. மூன்றாவதில் பென்சில் நின்றது. "அஞ்சு மீதி வருது தாத்தா, எங்கயோ தப்பு" என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் 5. தப்பு அவளிடம் இல்லை, யூகத்தில்தான் என்றதும் நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள்.

இதனால் ராமானுஜனின் பெருமை குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்கலாம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. 5-இன் அடுக்குகளுக்கு அவர் சொன்னது சரி என்றும், 7-க்குச் சிறு திருத்தம் போதும் என்றும் வாட்சன் 1938-இல் நிறுவினார். 11-இன் அடுக்குகளுக்கு நிரூபணம் 1967-இல் ஆட்கின் கையால் வந்தது. 200 வரையிலான ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் பார்த்தவர் அவர்!

அடுத்த டிசம்பர் 22 அன்று இந்த எண்ணையும் அச்சிடுங்கள். பக்கத்தில் 7 என்று போட்டு, கீழே வகுத்துப் பார்க்கக் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருவல்லிக்கேணி, சென்னை.