எந்த வழியாகப் போகிறாய் என்று எழுதி வைத்துவிட்டுப் போ

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணியிலிருந்து பத்தரை வரை உன் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தேன். "மலைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாய். பொறுக்க முடியாமல் மீட்புக் குழுவை அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் நிதானமாகக் கேட்டார்: எந்தப் பக்கத்திலிருந்து ஏறினார்? எத்தனை மணிக்கு? என்ன நிறச் சட்டை? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நீ வந்ததும், "பழகிய மலைதானே அக்கா, எதற்கு இவ்வளவு பதற்றம்?" என்றாய். அன்றே பேசியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

பழக்கத்தைப் பற்றி முதலில். 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் ஒரு குறுகிய மலையிடுக்கில் தனியாக இறங்கினார். தேர்ந்த மலையேறி. பெயர்ந்து விழுந்த பாறை அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் சிக்கிக் கிடந்து, கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். திறமைக் குறைவால் நேர்ந்தது அல்ல அது.

தேடி வருபவர்களின் இடத்தில் இருந்து யோசித்துப் பார். அடிவாரத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தால், அவர்கள் அலச வேண்டியது ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர். 10 கிலோமீட்டர் என்றால் 314. தூரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. நீ போன வழி தெரிந்தாலோ, அந்தப் பாதையை இரு முனையிலிருந்தும் நடந்து வந்தே தேடத் தொடங்கலாம். இருட்டிலும் மழையிலும் உன்னைத் தேடி வருபவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

ஆகவே ஒரு தாளில் எழுது. எங்கே ஏறுகிறாய், எந்த வழியாக இறங்குகிறாய், வண்டியை எங்கே நிறுத்துகிறாய், யார் கூட வருகிறார்கள், என்ன உடை, வானிலை கெட்டால் எந்த வழியில் திரும்புவாய். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை மணிக்குத் திரும்புவாய், எத்தனை மணிக்கு மேல் நான் உதவிக்கு அழைக்க வேண்டும் என்று இரண்டு நேரங்கள். இரண்டாவது நேரம் இல்லாததால்தான் அன்று மூன்றரை மணி நேரம் "இப்போது அழைக்கலாமா, அவசரப்படுகிறேனோ" என்று தவித்தேன்.

நேரத்தை மனக்கணக்கில் குறைத்துப் போடாதே. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் என்றால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். அதுவும் நல்ல உடற்கட்டு உள்ளவர் எங்கும் உட்காராமல் நடந்தால். நீயோ ஓடையைக் கண்டால் அரைமணி நேரம் உட்காருபவன்.

செல்போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்தால் போதாதா என்பாய். சிக்னல் போன இடத்தோடு அந்தப் புள்ளி நின்றுவிடும். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியும் தீரும். அழைப்பு போகாத இடத்தில் சில சமயம் குறுஞ்செய்தி போய்ச் சேரும். வழியை மாற்றினால் அதையாவது அனுப்பு. அனுப்ப முடியாவிட்டால் தாளில் எழுதிய வழியை விட்டு விலகாதே.

விசிலும் டார்ச்சும் எப்போதும் பையில் இருக்கட்டும். ஆபத்தில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊது, ஒரு நிமிடம் நிறுத்து, மறுபடி ஊது. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். அதன் பிறகும் நிறுத்தாதே. அந்த ஒலியை வைத்துத்தான் உன்னிடம் வந்து சேர்வார்கள். இரவில் டார்ச் ஒளிக்கும் இதே முறைதான்.

இறங்கியதும் "வந்துவிட்டேன்" என்று ஒரு வரி அனுப்பு. நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மலையில் யாரும் உன்னைத் தேடக் கூடாது.

அடுத்த வாரம் மறுபடி போகிறாய் என்று அம்மா சொன்னாள். உன் மேசைமேல் ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா