ராஜ்மகால் மலைக்குக் கிளம்பும் மைனிக்கு

அன்புள்ள மைனிக்கு,

தோத்திரம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அண்ணன்தான் முதலில் திறந்து படிப்பார், பதிலும் அவரே போட்டுவிடுவார். அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன். உங்களைப் போலப் பணித்தளத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் வேறு மைனிமார் படித்தாலும் நல்லதுதான்.

அண்ணன் மிஷனரியாகப் போகிறார் என்று திசையன்விளை பஜார் வரைக்கும் பேச்சு. எட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன் இந்த வயசில் ஜார்க்கண்டிலுள்ள ராஜ்மகால் மலைக்குப் போகிறாரே என்று ஆளாளுக்குச் சால்வை போடுகிறார்கள். நம் சபைப் போதகரான சேகர ஐயர் ஆலயத்தில் அறிவிப்பு வாசித்தபோதும் அண்ணன் பெயர், பட்டம், வேலை பார்த்த பள்ளிக்கூடம் எல்லாம் வந்தது. உங்கள் பெயர் வரவில்லை. நீங்கள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நீங்கள் போகிற இடம் பிள்ளைகள் விடுதி. அண்ணன் இந்தியைத் திக்கித் திணறிப் பேசி, அப்புறம் மலைக்காரர் பாஷைக்கு வந்து, ஒரு ஜெபத்தை ஒழுங்காகச் சொல்லி முடிக்கவே மாதக்கணக்காகும். பிள்ளைகளுக்கோ போய் இறங்கின மறுநாள் காலையிலேயே பசிக்கும். அங்கே முதலில் வேலையைத் தொடங்கப்போகிற ஆள் யார் என்று இதிலேயே தெரியவில்லையா?

சத்துணவு அமைப்பாளராக இத்தனை வருஷம் நீங்கள் பார்த்த வேலையை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று அரசாங்கக் கணக்கு. அந்தக் கணக்குக்குள்ளேயே எந்தப் பிள்ளை வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டை எடுக்காமல் தூணோரம் நிற்கிற பிள்ளையை நீங்கள் கூப்பிட மாட்டீர்கள். கூப்பிட்டால் கூச்சப்படும் என்று இன்னொரு பிள்ளை கையில் தட்டைக் கொடுத்து, "அவனையும் கூட்டிட்டுப் போய் உக்காரு" என்பீர்கள். சோற்றுப் பருக்கையை இரண்டு விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, சமையல்கார அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் விறகை நீங்களே வெளியே இழுத்துவிடுவீர்கள். இதை எந்த மிஷனரிப் பயிற்சியிலும் சொல்லித் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து இடையன்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊழியம் செய்த மிஷனரி கால்டுவெல்லுக்குச் சென்னை மெரினாவில் சிலை இருக்கிறது, 1968இல் வைத்தார்கள். அவர் மனைவி எலைசா பேரை நம் பக்கத்திலேயே எத்தனை பேர் சொல்லுவார்கள்? அந்த அம்மா நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள். அவர்களுக்குக் கல்யாணம் ஆனது 1844இல். கால்டுவெல் வளர்ந்த பிறகு கப்பலேறி வந்து தமிழ் படித்தவர். எலைசாவோ சின்ன வயசிலிருந்தே தமிழ் கேட்டு வளர்ந்தவர். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தியதும், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து நாலு காசு அவர்கள் கைக்கு வர வைத்ததும் எலைசாதான். பனங்காட்டுத் தேரிமணலில் பெண்பிள்ளை எழுத்துப் படிப்பதே பெரிய காரியமாக இருந்த காலம் அது.

உங்கள் அடுப்பங்கரையில் அந்தப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறதே, உலை வைக்கும்போதெல்லாம் காணிக்கைக்கென்று ஒரு கைப்பிடி அரிசி போட்டு வைப்பீர்களே, அதையும் சொல்ல வேண்டும். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினபோது, பின்னாளில் பிஷப் ஆன வெள்ளாளன்விளை அசரியாவும் கூட இருந்தவர்களும் சொன்னது, நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதுதான். பணம் என்றால் எந்தப் பணம்? பதனீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த சனங்கள் போட்ட காணிக்கை. அதில் கைப்பிடி அரிசி போட்ட கைகள் எல்லாம் பெண்கள் கைகள். போகிற மிஷனரிக்குச் சோறு போட்ட வகையிலேயே உங்கள் வயசுப் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக மிஷனரிகள்தான். என்ன, யாரும் சால்வை போடவில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். சென்னை, ஹவுரா, அங்கிருந்து சாகிப்கஞ்ச். நல்லெண்ணெய் எத்தனை லிட்டர் கொண்டுபோனாலும் தீர்ந்துவிடும். அங்கே கடுகெண்ணெய்தான், இப்போதே நாக்கைப் பழக்குங்கள். கருப்பட்டியை ஓலைக்கொட்டானில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் கசிந்துவிடும். குளிர் நம் மார்கழி மாதிரி இருக்காது, ஸ்வெட்டர் இரண்டு வேண்டும்.

நான் நிஜமாகப் பயப்படுவது கொசுவுக்கும் மணல் ஈக்கும்தான். அந்த மலைப் பக்கம் மலேரியாவும் உண்டு, காலா அசார் என்கிற கருங்காய்ச்சலும் உண்டு. காலா அசாரைப் பரப்புகிற மணல் ஈ கொசுவைவிடப் பொடிசு, சாதாரண வலையின் ஓட்டை வழியாகவே உள்ளே வந்துவிடும். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் குடியிருக்கும். அதனால் நெருக்கமான பின்னல் உள்ள வலை, மருந்து ஏற்றினது, வாங்குங்கள். காய்ச்சல் வந்தாலே, அதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'ஜெபித்தோம், குறைந்துவிடும்' என்று அண்ணன் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சுகர் மாத்திரை சீட்டு ஒரு நகல் எனக்கும் வேண்டும்.

அண்ணனுக்கு ஒன்று சொல்லணும், அதையும் உங்கள் வழியாகவே சொல்கிறேன். ஜார்க்கண்டில் 2017இல் மதச் சுதந்திரச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பலவந்தமாகவோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் சிறை; சிறுபிள்ளை, பழங்குடி என்றால் தண்டனை இன்னும் கூடும். அவர் பிரசங்கத்துக்கு வாய் திறக்கும் முன் அதை ஒருதரம் படிக்கட்டும். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. சோற்றைக் காட்டிப் பிள்ளை பிடித்தார்கள் என்ற பேச்சு நம் ஆட்கள் பேரில் வரக்கூடாது. உங்கள் சத்துணவுக் கூடத்தில் தட்டு நீட்டின பிள்ளையிடம் நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? அங்கேயும் அப்படியே இருங்கள்.

மலைக்காரர் பேசுகிற மால்டோவும் தமிழுக்குச் சொந்தக்கார பாஷைதான். இடையன்குடிக் கால்டுவெல்லே அந்த ராஜ்மகால் பேச்சை நம் பாஷைகளோடு வரிசையில் வைத்திருக்கிறார். அதற்காகத் தமிழ் பேசினால் புரியும் என்று நினைக்க வேண்டாம், புரியாது. அடுப்பங்கரையில் பிள்ளைகளோடு இருக்கிற நீங்கள்தான் அண்ணனுக்கு முன்னால் அதைப் பேசுவீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

நீங்கள் போவதில் சென்னையிலிருக்கும் உங்கள் மகனுக்குள்ள கோபத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் அதில் முக்கால்வாசி. காப்பகம் இருக்கிறது, அவன் மாமியார் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்கள். வீட்டுச் சாவி என்னிடம் இருக்கட்டும். கோழிகளை மட்டும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்கள் பேரிலுள்ள ஏ.டி.எம். கார்டை அண்ணன் பர்ஸில் வைக்காதீர்கள், உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு ஆராதனை. அண்ணனுக்குச் சாட்சி சொல்ல இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்களாம். ஐயரிடம் பேசி அதில் பத்து நிமிஷத்தை உங்களுக்கு வாங்கியிருக்கிறேன். 'எனக்கு என்ன பேசத் தெரியும்' என்று ஆரம்பிக்காதீர்கள். தூணோரம் நின்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள், போதும். எழுதித் தரட்டுமா என்று அண்ணன் பேனாவை எடுத்துக்கொண்டு வருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்