பறிக்க 2 நாள், திருப்பித் தர 2 மாதம்

மாண்புமிகு மக்களவை சபாநாயகர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 ஜனவரி 11 அன்று அப்போதைய லட்சத்தீவு எம்.பி. முகமது பைசலுக்குக் கொலை முயற்சி வழக்கில் கவரத்தி நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. 13-ஆம் தேதியே உங்கள் செயலகம் அவரைத் தகுதிநீக்கம் செய்தது. 18-ஆம் தேதி இடைத்தேர்தலே அறிவிக்கப்பட்டது.

இந்த வேகத்தில் எனக்குப் புகார் இல்லை. தண்டனை பெற்ற எம்.பி.க்கள் மேல்முறையீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் பதவியில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தை லில்லி தாமஸ் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. நல்லதுதான். பைசல் குற்றவாளியா இல்லையா என்பதும் நீதிமன்றத்தின் கவலை.

அப்புறம் நடந்ததுதான் உறுத்துகிறது. ஜனவரி 25 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தீர்ப்பு நின்றால் தகுதிநீக்கமும் செல்லாது என்பது 2018-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய சட்டம். தேர்தல் ஆணையம்கூட இடைத்தேர்தலை நிறுத்திக்கொண்டது. உங்கள் செயலகம் மட்டும் அசையவில்லை. பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் பாதி முழுக்க அவர் வெளியே. கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் அவரது மனு விசாரணைக்கு வரவிருந்த மார்ச் 29 காலையில்தான் பதவி திரும்பியது. என்ன அவசரமோ அன்றைக்கு!

லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் கிடையாது. நாட்டின் சட்டம் இயற்றும் அவையில் அந்தத் தீவுகளுக்கு இருப்பது அந்த ஒரே ஒரு எம்.பி. கப்பல் போதவில்லை என்று டெல்லியில் கேட்க வேண்டுமானாலும் அவர்தான் கேட்க வேண்டும். நாற்காலி காலியாக இருந்த நாட்களில் நட்டம் பைசலுக்கு மட்டுமா?

முடியாத காரியமும் இல்லை இது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை ராகுல் காந்தியின் தண்டனைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. திங்களன்று அவர் அவைக்குள் இருந்தார். அவரை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. லட்சத்தீவை யார் பார்த்தார்கள்? அக்டோபர் 3 அன்று கேரள உயர் நீதிமன்றம் இம்முறை பைசல் மீதான தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்ததும் மறுநாளே பதவி போனது. 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை தந்தும், நவம்பர் வரை காத்திருந்துதான் பதவியைத் திரும்பப் பெற்றார்.

ஆகவே, நீதிமன்ற உத்தரவின் நகல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் பதவியைத் திருப்பித் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவாருங்கள். எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்காமல் அது பொருந்தட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்