பாட்டுத் தொகுப்புக்குச் சில குறுக்கு விசைகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து மாடி ஏறுகிறாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் ஓடவே பொழுது சரியாக இருக்கிறது.

நம் ஊர்ப் பாட்டுகளை நீ தொகுக்கிறாய் என்பதில் எனக்குள்ள சந்தோஷம் எழுதி மாளாது. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாராவது செய்தே ஆகவேண்டிய வேலை. ஆனால் தட்டச்சு செய்வதைவிட அழகுபடுத்தத்தான் அதிக நேரம் ஆகிறது என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு உறுத்தியது. அந்த நேரம் பாட்டுக்குப் போகவேண்டியது.

நீ அனுப்பிய வேர்ட் கோப்பைத் திறந்து கன்ட்ரோல் + ஷிப்ட் + 8 அழுத்திப் பார்த்தேன். எண்டர், ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் குறிகளாகத் தெரியும். ஒவ்வொரு பாட்டையும் புதுப் பக்கத்தில் தொடங்க வரிசையாக எண்டர் தட்டியிருக்கிறாய். முன்னால் ஒரு வரி கூடினால் பின்னால் இருப்பதெல்லாம் இடம் மாறிப்போகும். கன்ட்ரோல் + எண்டர் ஒரு தடவை அழுத்து, போதும்.

முக்கியமானது தலைப்பு. ஒவ்வொன்றையும் மவுஸால் தேர்ந்தெடுத்து, போல்ட் ஆக்கி, பெரிதாக்கி, நடுவில் வைக்கிறாய். இனி கர்சரைத் தலைப்பில் வைத்து கன்ட்ரோல் + ஆல்ட் + 1 அழுத்து. அது ‘ஹெடிங் 1’, அதாவது வேர்டில் தலைப்புக்கென்றே இருக்கும் அமைப்பு, ஆகிவிடும். உட்தலைப்புக்கு 1-க்குப் பதில் 2. ஒரே ஒரு தலைப்பை மட்டும் உனக்குப் பிடித்தபடி அமைத்துக்கொண்டு, ஹோம் பட்டையில் ‘ஹெடிங் 1’ மேல் வலது கிளிக் செய்தால், மற்ற தலைப்புகளையும் அதைப் போலவே மாற்றும் கட்டளை முதலில் நிற்கும். நாளைக்கு அச்சகத்தில் வேறு எழுத்துரு கேட்டாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். பொருளடக்கத்தையும் வேர்டே இந்தத் தலைப்புகளிலிருந்து எடுத்துத் தரும். பக்க எண் மாறினால் பொருளடக்கத்தில் கர்சரை வைத்து எஃப்9.

பாட்டு வரிகளுக்கு எண்டர் வேண்டாம், ஷிப்ட் + எண்டர் போடு. எண்டர் தட்டினால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி, நடுவில் இடைவெளி விழுந்து, கண்ணி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகிறது. ஒரு கண்ணி முடிந்தபின் மட்டும் எண்டர். ஆனால் நீ கன்ட்ரோல் + ஜே கொடுத்து இரு ஓரமும் சமமாக்கியிருப்பதால், ஷிப்ட் + எண்டர் போட்ட குட்டை வரிகள் இழுபட்டு, சொற்களுக்கு நடுவே ஆறு போல வெற்றிடம் ஓடும். பாட்டுக்கு கன்ட்ரோல் + எல் கொடுத்து இடப்பக்கம் சேர்த்துவிடு. முன்னுரைக்கும் அதுவே நல்லது என்பேன். நம் சொற்கள் நீளமானவை, சமமாக்கினால் பல வரிகளில் ஓட்டை விழுகிறது.

பாடியவர் பெயரைச் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறாய். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் சுழிகள் கெட்டுப்போகின்றன. பெயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலுடன் இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியை அழுத்து; அழுத்தும்போதெல்லாம் எழுத்து ஒரு புள்ளி சிறிதாகும். அளவு, நிறம் என்று பலதையும் ஒன்றாக மாற்றவேண்டுமானால் கன்ட்ரோல் + டி அழுத்தி வரும் பெட்டியில் மாற்று. பிறகு அடுத்த பெயரைத் தேர்ந்தெடுத்து எஃப்4 மட்டும் தட்டு, அத்தனையும் அப்படியே வந்துவிடும். மடிக்கணினியில் எஃப்4 வேறு வேலை செய்தால் கன்ட்ரோல் + ஒய்.

வாட்ஸப்பிலிருந்து ஒட்டிய பகுதிகள் வேறு வேறு எழுத்தில் நிற்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஸ்பேஸ், பிறகு கன்ட்ரோல் + கியூ. முதலாவது எழுத்தின் அலங்காரத்தையும் அடுத்தது பத்தியின் அலங்காரத்தையும் நீக்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக வேண்டாம். தலைப்பு விசையையும் ஷிப்ட் + எண்டரையும் முதலில் பழகு. தாலாட்டுப் பகுதியை மட்டும் இப்படிச் செய்து எனக்கு அனுப்பு, பிடிஎஃப் ஆக்காமல் வேர்ட் கோப்பாகவே. கீழத்தெரு ஆத்தா பாடிய தாலாட்டில் மாமன் சீர் கொண்டுவரும் கண்ணி ஒன்று உண்டே, அது உன் தொகுப்பில் காணோம். தங்கச்சிக்கு நினைவிருக்கும், கேட்டுப் பார்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்