செல்ஃப் அடிக்காதே, பாப்பா

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவும் "பெல்ட் போயிடுச்சு" என்ற ஒற்றை வரியும் வந்தது. 4 நாளாக அதற்கு மேல் ஒன்றுமில்லை. போனது டைமிங் பெல்ட்; பிஸ்டன்கள் சுற்றும் கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுற்றுவது அதுதான்.

முதலில் இது. யார் சொன்னாலும் செல்ஃப் அடிக்காதே. தள்ளியும் ஸ்டார்ட் பண்ணாதே. இழுத்துப் போவதென்றால் நியூட்ரலில்தான்; கியரில் உருண்டால் கிராங்க் சுற்றும், நின்றுபோன கேம் திறந்தபடி விட்ட வால்வுகளில் பிஸ்டன் திரும்பத் திரும்ப மோதும். டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வந்தால் மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் 1 மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். திறந்த வால்வோ 8, 9 மில்லி இறங்கி நிற்கும்.

அறுந்தபோது என்ன வேகத்தில் போனாய்? ஐடிலிங்கில் என்றால் சேதம் ராக்கரோடு, வால்வை அழுத்தும் அந்த நெம்போடு, போயிருக்கலாம். 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வரை சந்தேகப்பட வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன். இரவா பகலா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பதையும் எழுது.

ராக்கர் கவரைக் கழற்று. ராக்கர் உடைந்திருந்தால் வருத்தப்படாதே. பல நேரம் அது உடைந்துதான் வால்வைக் காப்பாற்றுகிறது. கேம் விரிசல் விட்டிருக்கிறதா பார். பிறகு ராக்கர் ஷாஃப்ட்டை முழுதாக எடுத்துவிடு. இப்போது எல்லா வால்வும் மூடியிருக்க வேண்டும். வால்வுத் தண்டுகளின் நுனிகள் மேல் ஒரு நேரான பட்டையை வைத்துப் பார்: ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அது வளைந்து மாட்டிக்கொண்ட வால்வு.

சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகளை எடுத்துவிட்டு கிராங்கை ஸ்பேனரால் அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்று. தடுத்தால் அங்கேயே நிறுத்து, அழுத்தாதே. ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சியில் நிறுத்தி, குளோ பிளக் துளை வழியே 2, 3 பார் காற்று விடு. சீறல் இன்டேக்கில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் லேசாகக் கேட்பது பிஸ்டன் ரிங், பழைய இன்ஜினுக்கு அது சகஜம். உனக்குக் காது நல்ல காது. சின்ன வயதிலேயே எந்த பேரிங் போனது என்று எனக்கு முன்னால் சொல்வாய். அந்தக் காது இருந்தும் பெல்ட் பக்கம் சத்தம் மாறியதை எப்படி விட்டாய் என்றுதான் புரியவில்லை.

ஒரு சிலிண்டரில் வால்வு கசிந்தாலும் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். எந்த வால்வும் கசியாவிட்டால் புது பெல்ட் போட்டு, செல்ஃப் தொடுவதற்கு முன் கிராங்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றி கிராங்கும் கேமும் சேர வேண்டிய மார்க்குகளைச் சரிபார். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார். 25 முதல் 30 பார் நல்லது. காற்று கசியாத சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்தால் ராடு வளைந்திருக்கலாம். அந்த பிஸ்டன் மற்றதைவிடத் தாழ்வாக நிற்கும், டயல் கேஜில் தெரிந்துவிடும். நிறைய பேர் இதை விட்டுவிட்டு ஹெட்டோடு முடித்துவிடுகிறார்கள்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெல்ட்டில் எண்ணெய் இல்லை, பல் உதிரவில்லை, ஒரு ஓரம் மட்டும் நார் நாராகப் பிரிந்திருக்கிறது. பெல்ட் சாய்ந்து ஓடியிருக்கிறது. காரணம் டென்ஷனர், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை.

வண்டியை உன்னிடம் கொடுத்தபோது எல்லாம் புதிது என்று சொன்னேன். பெல்ட் மட்டும்தான் புதிது. டென்ஷனர் கையில் லேசாகச் சுற்றியது, அதையே திரும்ப மாட்டிவிட்டேன். சத்தத்தை நீ விட்டதைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை, நான் எழுதியதை நீ பார்க்கட்டும். தப்பு என்னுடையது.

டென்ஷனரைக் கழற்றினால் தூக்கிப் போடாதே, எனக்கு அனுப்பு. செல்ஃப் அடிக்காதே. இன்று இரவே போன் பண்ணு, இன்ஜினைப் பற்றி இல்லாவிட்டாலும் சரி.

அப்பா